பாம்புக்கு ஓலை வாசித்த கதை

1

கனடாவில் வந்து இறங்கிய நாளை எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கொண்டாடுவோம். கேக் கிடையாது, பலூன் கிடையாது. மீன்குழம்பு. அன்றைக்கு மட்டும் என் வீட்டுக்காரர் தாஸ் இரும்பாலைக்கு லீவு சொல்லிவிடுவார். நான் தமிழ்க்கடையில் உறைந்து கல்லாகக் கிடக்கும் வஞ்சிரத்தை வாங்கி வந்து, காலையில் காசிமேட்டில் இறங்கிய மீன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குழம்பு வைப்பேன். பொய்தான். புளியும் மிளகாயும் சரியாக விழுந்துவிட்டால் அந்தப் பொய்யை நாக்கு பாதி நம்பிவிடும்.

இந்த வருஷம் குழம்பு இறக்கியாயிற்று, சோறு வடித்தாயிற்று, தாஸ் தட்டோடு உட்கார்ந்தாயிற்று. மகள் ஜெனியைத்தான் காணோம். வீட்டுக்குக் கீழே தரைக்கு அடியில் ஒரு அறை இருக்கிறது. இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மற்றவர்கள் அதில் பழைய சோபாவும் சலவை இயந்திரமும் வைத்திருப்பார்கள். என் மகள் பாம்பு வைத்திருக்கிறாள்.

ஆமாம், பாம்பு. சென்னையில் எங்கள் ராயபுரத்தில் இதைப் படிப்பவர்கள் முகத்தை எப்படிச் சுளிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் சுளித்தேன்.

"ஜெனி! சோறு ஆறுதுடி!"

மூன்றாம் தடவை கூப்பிட்டும் வராததால் மாதாவை வேண்டிக்கொண்டு படியிறங்கினேன். முட்டை பொரிக்கும் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் விரல் கனத்தில் குட்டிப் பாம்புகள்.

"என்னடி ஆச்சு?"

"ரெண்டு குட்டிக்கு முதுகு கோணலா கீது, அம்மா."

எட்ட நின்று எட்டிப் பார்த்தேன். மற்றவை வழுவழுவென்று இருந்தன. இந்த இரண்டுக்கும் மட்டும் முதுகு நடுவில், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் மடங்கிக்கொள்ளுமே, அப்படி மடங்கியிருந்தது. அந்த மடிப்போடு அவை மெதுவாக நகர்ந்தன. பாம்பைப் பார்த்து ஐயோ பாவம் என்று நினைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சூடு ஏறிட்டு இருக்கும். என் தப்புதான்," என்றாள். "பெட்டி சூட்ட நான் ஒயுங்கா பாக்கல."

நான் அம்மா. எனக்கு வேறு என்ன தோன்றும்? "அழாத. யார்கிட்டயும் மூச்சு விடாத. நல்ல குட்டிங்களை வித்துடு. இதுங்களை நாமே வச்சிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

ஜெனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. குழம்பு ஆறித்தான் போனது.

2

இவள் எப்படிப் பாம்புக்காரி ஆனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிள்ளையை வளர்த்த லட்சணத்தைப் பார் என்று நீங்கள் என்னைத்தான் சொல்வீர்கள்.

கைக்குழந்தையாக இவளைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தோம். ஏரிக்கரை ஊர். ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் இரும்பாலை, காற்று திரும்பினால் மணலியில் வருமே, அதே அழுகிய முட்டை வாசம். தாஸ் முதல் நாள் ஜன்னலைத் திறந்து மூச்சை இழுத்து, "ரோஸி, நம்ம ஊருதான்டி!" என்றார். அவருக்கு அப்போதே மனசு ஒட்டிவிட்டது. எனக்கு வருஷக்கணக்கில் ஒட்டவில்லை. நான் பேசுவதற்கு வீட்டில் இந்தக் குழந்தைதான் இருந்தது. அதனால் என் தமிழ் அப்படியே அவள் வாயில் ஏறியது. இன்னா, கீது, வூடு எல்லாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தபோது அங்கிருந்த டீச்சர், "உங்கள் மகள் கொச்சையாகப் பேசுகிறாள், வீட்டில் திருத்துங்கள்" என்றார். "வீட்டிலேதான் மேடம் அதைக் கத்துக்குடுத்தோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரத்திலிருந்து அனுப்பவில்லை. எனக்குத் திமிர்தான். இருக்கட்டும்.

பிள்ளை வளர வளரப் பேச்சு குறைந்தது. காதில் ஒயர், கையில் போன். நான் ஒரு பக்கம் பேசுவேன், அவள் "ம்" என்பாள். பள்ளி முடித்து, ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆவாள் என்று நான் கனவு கண்டுகொண்டிருக்க, மிருக ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்ந்தாள். ஒருநாள் சாயங்காலம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ஆப்பிரிக்க ஜாதி மலைப்பாம்பாம். விஷமில்லையாம். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளுமாம். "அது பயந்தா சுருண்டுக்கும். நான் பயந்தா என்ன பண்ணுவேன்?" என்று கேட்டேன். தாஸ் சிரித்தார். சிரித்தால் சம்மதம் என்று அர்த்தம், வீட்டில் அதுதான் சட்டம்.

ராயபுரத்திலிருந்து புடவைக்குள் சுற்றிக் கொண்டுவந்த மாதா சொரூபம் ஒன்று கூடத்தில் இருக்கிறது. மாதா காலுக்குக் கீழே பாம்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். "இதோ பாரு, மாதாவே மிதிக்கிறாங்க. நீ வூட்ல வச்சு வளக்கற" என்றேன். ஜெனி குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "இது எந்த ஜாதின்னே தெரியலம்மா. தலையப் பாத்தா வெஷமில்லாத மாதிரி கீது. பாவம்," என்றாள். அதற்குமேல் வேதம் பேச எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக் காப்பீட்டுக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். போன் போட்டேன். என் இங்கிலீஷ் அவசரத்தில் எங்கெங்கோ போகும். கீழ் அறையில் என் மகளுக்கு இந்த மாதம் குட்டிகள் பிறக்கப்போகின்றன, ஆறோ ஏழோ இருக்கும் என்று சொல்லிவைத்தேன். அந்தப் பக்கத்துப் பெண் மெல்ல, "வாழ்த்துக்கள் அம்மா, டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா?" என்றாள். இந்தக் கதையைச் சொன்னபோது ஜெனி சிரித்த சிரிப்பில், என் பழைய குழந்தை கொஞ்ச நேரம் திரும்பி வந்தாள். அதற்காகவே கீழே படியிறங்கிப் பழகினேன். அவளோடு பேச வேண்டும் என்றால் பாம்பைப் பற்றிப் பேச வேண்டும். சரி, பேசுவோம், என்ன கெட்டுப்போயிற்று?

இப்படித்தான் மோர்ப் என்றால் நிற ரகம், எந்த நிறத்தோடு எந்த நிறத்தைச் சேர்த்தால் என்ன குட்டி வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. நல்ல ஜோடி அமைந்தால் குட்டிக்கு நல்ல கிராக்கி. ஜெனியின் ஆண் பாம்புக்கு ராஜா என்று பெயர். மஞ்சளும் வெள்ளையும் கலந்து, உண்மையாகவே அழகு. அதை அவளுக்குக் கொடுத்தவர் வால்டர் என்ற வெள்ளைக்காரர். இந்த ஊரில் பாம்பு வளர்ப்பவர்கள் சங்கத்தை ஆரம்பித்தவரே அவர்தான். அவர் வீட்டில் பிறந்ததிலேயே சிறந்த ஆண் அது. கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்றவர், "இந்தப் பெண் கை சுத்தம்" என்று சொல்லி ஜெனிக்குக் கொடுத்தார். மாதா கோயிலில் முதல் நற்கருணை வாங்கியபோதுகூட அவள் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

3

கோணல் குட்டி பிறந்த அந்த நேரத்தில் சங்கத்தில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அதைச் சொன்னால்தான் ஜெனி ஏன் அப்படி அழுதாள் என்பது புரியும்.

பாம்பு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். சந்தையில் ஒருவர் "புது ரத்தம்", உங்கள் பாம்புக்குச் சொந்தமே இல்லாத வம்சம் என்று சொல்லி விற்பார். வாங்குகிறவர் நம்புவார். அதன் தாத்தன் யார், பாட்டி யார், கூடப் பிறந்ததுகள் எப்படி இருந்தன என்று யாருக்கும் தெரியாது. அவரவர் வம்சக் கணக்கு அவரவர் கம்ப்யூட்டரிலும் தலைக்குள்ளும் இருக்கும். இதை மாற்றி, எல்லோரும் சேர்ந்து ஒரே பொதுப் பதிவேடு வைக்கலாம், ஒவ்வொரு ஈட்டுக்கும், அதாவது ஒரு தடவை இடும் முட்டைகளுக்கும், தாய் தகப்பன் யார், குட்டி எத்தனை, அதில் குறை உண்டா என்று எல்லோரும் பார்க்கிறபடி எழுதலாம் என்று சிலர் கிளம்பினார்கள். அந்தச் சிலரில் வாய் பெரியது என் மகளுக்கு. வேறு யாருக்கு வரும்?

எதிர்த்தவர் வால்டர். சும்மா சொல்லக்கூடாது, அவர் பேச்சில் நியாயம் இருந்தது. கூட்டங்களுக்கு நானும் மசால்வடை சுட்டு எடுத்துக்கொண்டு போவேன். உடம்பெல்லாம் பச்சை குத்திய ஆட்கள் என் வடைக்கு வரிசையில் நிற்பார்கள். அங்கே அவர் பேசியதைக் கேட்டிருக்கிறேன்.

"பொய் சொல்கிறவன் இன்றைக்கு வாயால் சொல்கிறான். நாளைக்குப் பதிவேட்டில் எழுதுவான். அப்போது அந்தப் பொய்க்கு நாமே முத்திரை குத்தியதாகும்," என்றார். "பெரிய ஆட்களிடம் நூற்றுக்கணக்கில் பாம்பு இருக்கிறது. ஒரு ஈடு கெட்டால் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். சின்ன ஆளுக்கு ஒரே ஒரு ஈடு. அது கெட்டு அதை எழுதினால் அவன் பெயரோடு சேர்ந்து அதுவும் நிற்கும். அப்புறம், யார் வீட்டில் விலை உயர்ந்த பாம்பு இருக்கிறது என்று திருடனுக்கு நாமே வழி சொல்வதா?"

ஜெனி எழுந்து, "குறையை மறைத்தால் அது வாங்குகிறவர் வீட்டில் பிறக்கும்," என்று பட்டென்று சொன்னாள். நான் வடைத் தட்டுக்குப் பின்னால் நின்று பெருமைப்பட்டேன்.

இப்போது அது அவள் வீட்டிலேயே பிறந்துவிட்டது. எழுதினால், சின்ன ஆளின் ஒரே ஈடு என்று வால்டர் சொன்னாரே, அது இவளுடையதுதான். கை சுத்தம் என்று வாங்கிய பெயர் போகும். எழுதாமல் விட்டால் கூட்டத்தில் வாய் கிழியப் பேசியதெல்லாம் வெறும் உதார். அடுத்த கூட்டத்தில் பதிவேடு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு எடுக்கப் போகிறார்கள். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவாள், வருவாள், கீழே போய் உட்கார்ந்துகொள்வாள்.

4

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை முடிந்து வந்ததும் என் தம்பி சகாயத்துக்கு வீடியோ கால் போடுவது வழக்கம். அங்கே சாயங்காலம். ராயபுரத்தில் மொட்டை மாடியில் புறாக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு வண்டி ஓட்டுகிறான். மிச்ச நேரமெல்லாம் பந்தயப் புறா. ஆந்திராவைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டால் நேராக வீட்டுக்கு வந்து இறங்குமே, அந்த ஜாதி. அவனுக்குக் கல்யாணம் தள்ளிப்போனதற்கே அந்தப் புறாக்கள்தான் காரணம் என்பது என் கருத்து.

"இன்னாடா கண்ணு, மூஞ்சி உப்பிக்கினு கீது?" என்றான் ஜெனியைப் பார்த்ததும்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாமனிடம் மட்டும் இன்னும் தமிழ் தங்குதடையில்லாமல் வரும்.

"அத்த போய் எவன்கிட்டயும் சொல்லிக்கினு நிக்காத, கண்ணு," என்றான் சகாயம். "நான் சொல்லி பேஜாராயிட்டேன். மெய்யாலுமே சொல்றேன், வாய மூடிக்கினு இருந்தா ராஜா மாறி இருந்திருப்பேன்."

"இன்னா ஆச்சு மாமா?"

அவன் சொன்னதை உங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். பந்தயப் புறாவுக்குக் குஞ்சிலேயே காலில் ஒரு வளையம் மாட்டுவார்கள். பிறந்து ஒரு வாரம் பத்து நாளுக்குள் மாட்டிவிட வேண்டும், அப்புறம் பாதம் பெருத்துவிடும், ஏறாது. அந்தந்த வருஷ வளையத்தைச் சங்கத்தில் கொடுப்பார்கள். மாட்டாமல் மிஞ்சியதைக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அடுத்த வருஷக் குஞ்சுக்கு மாட்டி யாரும் தில்லுமுல்லு பண்ணக்கூடாது என்று.

கொஞ்ச காலமாகச் சகாயத்தின் கூண்டில் சில குஞ்சுகள் கால் விரிந்து, நிற்க முடியாமல் பிறந்தன. எங்கள் பக்கத்துப் புறாக்காரன் எதை வேண்டுமானாலும் சொல்வான், கூண்டில் ஊனக் குஞ்சு பிறந்ததை மட்டும் சொல்லமாட்டான். கட்டிய பெண்டாட்டியிடம்கூட. குஞ்சு எங்கே என்று கேட்டால், "பூனை எடுத்துக்கினு போயிடுச்சு" என்பான். ராயபுரத்துப் பூனைகள் மேல் விழுந்த பழிக்கு அளவே கிடையாது.

மனசுக்குள் சகாயம் தீவனத்தைச் சந்தேகப்பட்டான். கம்பும் சோளமும் அண்ணாச்சி கடையில் வாங்குவது. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், இரண்டு தலைமுறையாக அங்கே கடை. கம்பில் பூஞ்சை இருக்கிறது என்று முடிவுகட்டி, சத்தமில்லாமல் வேறு கடைக்கு மாறினான். தான் ஒருத்தன்தான் மாறினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு புறாக்காரனும் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்து, தனித்தனியாகச் சத்தமில்லாமல் மாறியிருக்கிறான். அண்ணாச்சிக்கு வியாபாரம் படுத்துவிட்டது. என்ன குற்றம் செய்தோம் என்றே அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

"அப்பால வளையம் திருப்பிக் குடுக்கற நாளு வந்துச்சு," என்றான் சகாயம். "எப்பவும் ஆளுக்கு ஒண்ணு ரெண்டு மிஞ்சும். அன்னிக்கு டேபிள் மேல பாத்தா குமிஞ்சி கீது. எல்லாவனும் கொட்றான், அத்தினி குஞ்சுக்கு மாட்டவே இல்ல. ஒருத்தனும் ஒருத்தன் மூஞ்சியப் பாக்கல. அப்போ நம்ம தோஸ்து பாலு இன்னா கேட்டான் தெரியுமா? 'இன்னா மாமு, உன் வூட்டுப் பூனையும் என் வூட்டுப் பூனையும் சொந்தக்காரங்களா?'ன்றான்."

ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பல நாளுக்கு அப்புறம் அன்றுதான் சிரித்தாள்.

"சிரிக்காத. கம்ப மாத்தியும் எனக்கு கால் விரிஞ்சிதான் பொறந்துச்சு, அப்போதான் ஜோடிய யோசிச்சேன். அங்கதான் என் வாயில சனி. 'டேய், பூனையும் இல்ல, அண்ணாச்சி கம்பும் இல்லடா. கால் விரியறதெல்லாம் என் கறுப்பனோட வாரிசுடா'ன்னு சொல்லிட்டேன். கறுப்பன் யாரு? என் ஆண் புறா. ரேசுல ஜெயிச்சவன். அவன் குஞ்சு வாங்கறதுக்கு என் மாடிப்படியில தவம் கெடந்தானுங்க. எல்லாவன் வூட்லயும் அவன் ரத்தம் கீது. அப்பனும் அம்மாவும் ரெண்டு பேருமே அவன் வாரிசா பூட்டா குஞ்சு கோணலாவுது. அத்த நான் சொன்னேனா, இப்போ ஒருத்தன் என் குஞ்ச வாங்க மாட்டேன்றான். எந்த ஜோடி, எந்த குஞ்சுன்னு வாட்ஸ்அப்புல குரூப்பு வச்சு எயுதறானுங்க. அதுல என் பேருதான் மொத பேரு."

"சரி மாமா. இப்போ குஞ்சுங்க எப்டி கீது?"

"எது?"

"இந்த வருசம் பொறந்தது. கால் எப்டி கீது?"

சகாயம் தலையைச் சொறிந்தான்.

"கால் நேராதான் கீது," என்றான்.

"உன் வூட்ல மட்டுமா?"

"எல்லார் வூட்லயுந்தான். இப்போ ஜோடி பாத்து மாத்தி மாத்தி சேக்கறோம்ல."

"அண்ணாச்சி?"

"எல்லாரும் திரும்ப அவராண்டதான் கம்பு வாங்கறோம். இன்னும் மூஞ்சியத் திருப்பிக்கினுதான் எட போடறாரு. 'உங்க புறாவுக்கு என்னையக் கேட்டா சம்பந்தம் பேசுனிய? என் கம்பு என்னவே பண்ணிச்சு?'ன்றாரு. நான் இன்னா பதில் சொல்றது?"

ஜெனி சட்டென்று எழுந்தாள். "தேங்ஸ் மாமா" என்றாள். "இன்னாத்துக்கு? நான் எயுதாதன்னுதான சொல்றேன்!" என்று அவன் கத்திக்கொண்டிருக்கும்போதே கீழே ஓடிவிட்டாள்.

அன்று பகல் முழுக்க போன்மேல் போன். ஜோடியில் இருந்த பெண் பாம்பை அவள் வேறு ஊரில் வேறு ஆளிடம் வாங்கியிருந்தாள், புது ரத்தம் என்று. அவர் யாரிடம் வாங்கினார், அந்த ஆள் யாரிடம் வாங்கினார் என்று கை கையாகப் பின்னால் போய், கடைசியில் ஒரு பெயரில் வந்து நின்றது. வால்டர். ராஜாவின் அப்பன்தான் அந்தப் பெண் பாம்புக்குத் தாத்தன்.

5

இப்போது சொல்வதா வேண்டாமா என்பதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ராஜாவைத் தூக்கிக் கொடுத்த மனிதரின் வம்சத்திலேயே குறை என்று, அவர் ஆரம்பித்த சங்கத்தில், அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

"அவர் ரொம்ப நல்லவரும்மா," என்றாள் ஜெனி.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு ஓலை ஞாபகம் வந்தது. எங்களைப் போல வேதக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்யப்போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசை நடுவில் சத்தமாகப் படிப்பார்கள். எங்கள் தெருவில் பிலோமினா என்ற பெண்ணுக்கு ஓலை வாசித்தபோது, பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு சொந்தக்காரி பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், மாப்பிள்ளையும் பொண்ணும் அக்கா தங்கச்சி பிள்ளைகள், குடும்பம் பிரிந்துபோனதில் யாருக்கும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டாள். முறைப்படி அண்ணன் தங்கை! பத்திரிகைகூட அடித்தாயிற்று. பிலோமினா அம்மா அந்தச் சொந்தக்காரியைத் தெருவில் நிற்கவைத்துத் திட்டினாள். கொஞ்ச நாள் கழித்து அதே அம்மாதான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிலோமினாவுக்கு நல்ல இடத்தில் வேறு சம்பந்தம் அமைந்து பேரன் பேத்தி எடுத்துவிட்டாள்.

இதை ஜெனியிடம் சொன்னேன். "ஓலை வாசிக்கிறது யாரையும் அவமானப்படுத்த இல்லடி. நாளைக்குப் பொறக்கற புள்ளைங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதான். நான் மூச்சு விடாதன்னு சொன்னது பயத்துல சொன்னது. உன் பேர் போனா போவட்டும். போய் வாசி."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். கையெல்லாம் சோப்பு நுரை எனக்கு. பரவாயில்லை.

கூட்டத்துக்கு நானும் போனேன். வடை சுடவில்லை, மனசு இல்லை. ஜெனி எழுந்து நின்றாள். தன் ஈட்டில் இரண்டு குட்டி கோணல் என்று சொன்னாள். தாய் எது, தகப்பன் எது, இரண்டும் எங்கே போய்ச் சேருகின்றன என்று சொன்னாள். "என் பெட்டிச் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டும் பழசு. சூடும் காரணமாக இருக்கலாம். ரத்தமும் காரணமாக இருக்கலாம். ஒரே ஈட்டை வைத்து என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது. சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்," என்றாள்.

வால்டர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "சூடுதான் கூடியிருக்கும், பெண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஐயோ, முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போது பின்வரிசையில், கழுத்துவரை பச்சை குத்திய ஒரு தடியன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "எனக்கும் பிறந்தது. சூடு என்று நினைத்தேன்." பக்கத்தில் ஒரு பெண்: "எனக்கும் போன வருஷம். சூடு என்று நினைத்து பெட்டியையே மாற்றினேன்." இன்னொருவர். இன்னொருவர். ராயபுரத்தில் பூனை என்றால் இங்கே சூடு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பதிவேட்டை ஒரு பருவத்துக்கு வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. வால்டர் சொன்ன எதிர்ப்பை ஜெனி விடவில்லை. அவர் இல்லாவிட்டாலும் அவர் பேச்சை எடுத்து வைத்தாள். அதனால் வீட்டு விலாசம் யாருக்கும் தெரியாது. தாய்ப் பாம்பை வைத்திருப்பவர், தகப்பன் பாம்பை வைத்திருப்பவர் இருவரும் ஆம் என்றால்தான் பதிவு நிற்கும். ஒரே ஒரு ஈட்டை வைத்து எந்தப் பாம்பையும் குறையுள்ளது என்று சொல்லக்கூடாது. எல்லாப் பொய்யையும் இது பிடித்துவிடாது, எனக்கும் தெரியும். வம்சம் பார்த்துச் சேர்க்க ஆசைப்படுகிறவனுக்கு இனி ஒரு வழி இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

எல்லோரும் கைகொடுத்தார்கள். காரில் ஏறியதும் ஜெனி, "அவர் இனிமே என்கூட பேச மாட்டாரும்மா," என்றாள்.

6

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் வால்டர். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். அக்குளில் ஒரு அட்டைப்பெட்டி. "குட்டிகளைப் பார்க்கலாமா?" என்றார்.

ஜெனி அன்று வீட்டில்தான் இருந்தாள். இரண்டு பேரும் கீழே போனார்கள். மூன்று கோப்பையில் டீ போட்டுக்கொண்டு நானும் இறங்கி, கடைசிப் படியில் நின்றுகொண்டேன்.

வால்டர் ஒரு கோணல் குட்டியைக் கையில் எடுத்தார். கட்டைவிரலால் அதன் முதுகை மேலிருந்து கீழே தடவினார். மடிப்பு வந்த இடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது.

"இதே இடம்," என்றார். "எனக்கும் இதே இடத்தில்தான்."

ஜெனி இன்னொரு கோணல் குட்டியையும் அவர் பக்கம் நீட்டினாள்.

"எத்தனையோ வருஷமாக. முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். பெட்டியை மாற்றினேன். திரும்ப தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். அப்புறம் மூக்குக்கண்ணாடியை மாற்றினேன், சூட்டளவைத் தப்பாகப் படிக்கிறேனோ என்று. மனைவி போன பிறகு எனக்குக் கவனம் போய்விட்டது என்று நினைத்தேன். கை நடுங்குகிறது, வயசாகிவிட்டது, இனி இது எனக்கு வராது என்று நினைத்தேன். நீ பதிவேடு என்று பேசும்போதெல்லாம் எனக்குக் கேட்டது ஒன்றுதான். வால்டருக்குக் கை போய்விட்டது என்று ஊருக்கெல்லாம் தெரியப்போகிறது. இந்தப் பருவத்தோடு எல்லாவற்றையும் விற்றுவிட இருந்தேன்."

குட்டியை டப்பாவில் பதமாக வைத்தார். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நான் பார்த்தேன்.

"உன் கம்ப்யூட்டரை எடு," என்றார். "உன்னுடையதற்கு முன்னால் என்னுடையதை எழுது. தேடி வருகிறவன் கண்ணில் முதலில் என் பெயர் படட்டும்."

அவர் சொல்லச் சொல்ல ஜெனி தட்டினாள். ஒவ்வொரு ஈடும், ஒவ்வொரு ஜோடியும், கோணலாகப் பிறந்து அவர் தோட்டத்தில் புதைத்த ஒவ்வொரு குட்டியும். டீ ஆறிப்போய் மறுபடி சுட வைத்துக் கொடுத்தேன். நடுவில் இரண்டு பேரும் ராஜாவை எந்த வம்சத்தோடு சேர்க்கலாம் என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கிளம்பும்போது அட்டைப்பெட்டியை ஜெனியிடம் நீட்டினார். பிரிக்காத புது தெர்மோஸ்டாட். "உன்னுடையது பழசு என்றாயே, இதை மாட்டிக்கொள். எனக்கு வேண்டியதில்லை. என்னுடையது நன்றாகத்தான் வேலை செய்கிறது."

படியேறி வந்தவர் வாசலில் தொப்பியைப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். எனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, அதையே இன்னொரு தடவை சொன்னார்.

"என்னுடையது நன்றாகத்தான் வேலை செய்கிறது, அம்மா."